பழைய கணனியும் அயலவர் பொருளும்



வேலை செய்யும் ஒரு பொருளை வீசி எறிவது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. தகப்பனார் ஓடிய சைக்கிளை மகன் ஓடுகிறான். அக்காவின் பாடசாலைச் சப்பாத்து தங்கைக்கு வருகிறது. பாட்டியின் தையல் இயந்திரம் பேத்திக்கும் சட்டை தைத்துக் கொடுக்கிறது. எண்ணெய் விட்டால் ஓடும், உடைந்தால் ஒட்டலாம் என்பதே நாம் பொருட்களோடு வாழும் முறை. இது கஞ்சத்தனமல்ல, சிக்கனம். சிக்கனம் ஒரு நற்பண்பு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் கணனி என்று வரும்போது இதே நற்பண்பு நம்மை ஒரு சிக்கலான கேள்வியின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன், 'விண்டோஸ் 10' என்ற பணிசெயல் முறைமைக்கு அதுவரை பொதுவாக வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. மறுநாட் காலையில் அந்தக் கணனிகள் நின்றுவிடவில்லை. வழக்கம்போல ஒளிர்ந்தன, கடிதம் அடித்தன, கணக்குப் பார்த்தன. அப்படியிருக்க, அவற்றை வைத்துத் தொடர்ந்து வேலை செய்வதில் என்ன தவறு? கேட்பதற்கு இது ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றும். உண்மையில் இது மனச்சாட்சியைத் தொடும் கேள்வி. எவ்வாறு என்பதை இவ்வாரம் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

பணிசெயல் முறைமை என்பது கணனியின் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்யும் அடிப்படை மென்பொருள். பல கோடி வரிகளில் மனிதர் எழுதிய அந்த மென்பொருளில் குறைகள் இருந்தே தீரும். அவ்வப்போது யாரோ ஒருவர் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறார். அவர் நல்லவரானால் தயாரித்தவருக்கு அறிவிப்பார். தீயவரானால் அந்த ஓட்டை வழியாகவே பிறர் கணனிக்குள் நுழைவார். தயாரித்த நிறுவனம் மாதந்தோறும் இவ்வோட்டைகளை அடைத்துத் திருத்தங்களை அனுப்பிவைக்கும். ஆதரவு முடிவது என்றால் ஓட்டை அடைக்கும் இந்த வேலை நின்றுபோவது.

இதிலே இன்னுமொரு ஆபத்தும் உண்டு. புதிய முறைமையிலுள்ள பல பகுதிகள் பழையதிலிருந்து வந்தவையே. எனவே புதியதற்கு அனுப்பப்படும் திருத்தத்தை ஆராய்ந்து பார்த்தே, பழையதில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்பதைத் தீயவர்கள் அறிந்துகொள்ளலாம். புதிய வீட்டுக்குப் போடும் பூட்டே பழைய வீட்டின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

தையல் இயந்திரத்துக்கும் கணனிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தையல் இயந்திரம் தேய்ந்து பழுதடைகிறது. தேய்வு நம் கண்ணுக்குத் தெரியும். கணனியோ தேயாமலே ஆபத்துக்குள்ளாகிறது; ஏனெனில் வெளியே ஒருவன் நின்று கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 'வேலை செய்கிறது, போதாதா?' என்ற கேள்வி முன்னையதற்குப் பொருந்தும். பின்னையதற்கு அது மட்டும் போதாது.

மடவளையில் ஒரு கடை

கண்டியிலிருந்து வத்தேகம செல்லும் பாதையில் மடவளை பஸார் இருப்பதை நம்மிற் பலர் அறிவோம். அங்கே ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், ஒரு பிரிண்டர், பத்து வருடம் பழகிய ஒரு கணனி. முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று எல்லோரும் அங்கு வருகிறார்கள். ஒரு தாய் மகனின் சாதாரண தரப் பெறுபேற்றைப் பிரதி எடுக்கிறார். ஓர் இளைஞர் கட்டாரில் வேலை தேடிக் கடவுச்சீட்டைப் பதிந்து அனுப்புகிறார். தோட்டத்திலிருந்து வரும் ஐயா ஒருவர் ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்தை அடித்துத் தரும்படி கேட்கிறார். கடைக்காரர் நேர்மையானவர், ஒருவரிடமும் ஐந்து ரூபாய் அதிகம் வாங்காதவர்.

அவருடைய கணனி விண்டோஸ் 10இல் ஓடுகிறது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், புதிய முறைமை ஒரு குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2017இன் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த செயலிகளையுமே முறைப்படி ஏற்கிறது. இவருடைய கணனி அதற்கு முந்தியது. புதிதாக வாங்கலாம் என்றால், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதை யார் மறப்பார்? வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பொருளும் அதன்பின் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

இவருக்கு இன்னொரு கட்டும் இருக்கிறது. திருமண அழைப்பிதழ், நன்றி நவிலல், நினைவு மலர் ஆகிய அனைத்தையும் பாமினி எழுத்துருவில் அடித்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிப் பழகியவர் அவர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். இலங்கையில் தமிழ் அச்சு வேலை எத்தனையோ வருடங்கள் இந்த இரண்டின் மேலும் நின்றது. கணனியை மாற்றுவது என்றால் அவருக்குக் கைத்தொழிலையே மாற்றுவது போல.

இவரைப் பார்த்து, 'நீர் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வறுமை குற்றமல்ல. பழையதைப் பேணுவதும் குற்றமல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்றும், அதிலே காற்பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. நல்ல கணனியைக் குப்பையில் போடாத கடைக்காரர் ஒருவகையில் உலகுக்கு உபகாரியே.

அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டியில் அல்ல. அதனுள் இருக்கும் அந்தத் தாயின், இளைஞரின், ஐயாவின் பொருளில் இருக்கிறது.

'என்னிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?'

இப்படிச் சொல்பவர் அநேகர். இதற்கு ஒரு பதிலை நமது நாட்டின் அனுபவமே தருகிறது. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர். அக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து பீலியையும் பூச்சாடித் தட்டையும் சிரட்டையையும் பார்த்தார். 'என் வளவு, என் சிரட்டை, உமக்கு என்ன?' என்று அவரிடம் கேட்க முடிந்ததா? சிரட்டை என்னுடையதுதான். அதில் பிறக்கும் நுளம்பு என்னுடையதல்ல. அது வேலி தாண்டி அயல் வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது.

காப்பில்லாத கணனியும் அத்தகையதே. அதற்குள் நுழைந்தவன் உரிமையாளரின் படங்களையும் கடிதங்களையும் விரும்பாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கணனியை ஏணியாக வைத்து இன்னொரு கணனியில் ஏறலாம். அதன் பெயரால் ஆயிரம் பேருக்கு ஏமாற்றுக் கடிதம் அனுப்பலாம். அதில் கிடந்த அடையாள அட்டைப் பிரதியைக் கொண்டு யாரோ ஒருவரின் பெயரில் மோசடி செய்யலாம்.

ஆகவே இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். என் கணனியில் என் பொருள் மட்டும் இருந்து, அது வெளியுலகோடு தொடர்பற்றும் இருந்தால், அதன் ஆபத்தை ஏற்பதும் ஏற்காததும் என் விருப்பம். பிறர் பொருள் அதில் வந்த கணத்திலிருந்து நான் உரிமையாளன் மட்டுமல்லன், காவற்காரனும் ஆகிறேன். தன் பொருளைத் துணிந்து ஆபத்தில் வைப்பவனைத் துணிச்சற்காரன் என்னலாம். பிறர் பொருளை அவர் அறியாமல் ஆபத்தில் வைப்பவனை என்னவென்பது?

'பணம் இல்லையே!'

இது உண்மையான தடை. இலேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. ஆனால் பணமில்லாமை எதுவரை நம்மை மன்னிக்கும் என்பதை அறிய, 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்துக்கே நேர்ந்ததைப் பார்ப்போம்.

அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கி நின்ற 'லங்கா கவர்ன்மன்ட் கிளவுட்' எனும் சேவையைக் கப்பம் கோரும் மென்பொருள் ஒன்று தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீட்கப்பட்டது. ஆனால் அவ்வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனியாக ஒரு மாற்றுப்பிரதி இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தன. நூறு நாட்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து இல்லாமற் போயிற்று.

அங்கே பயன்பட்டு வந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. 2021இலேயே புதியதற்கு மாறத் திட்டமிட்டிருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தாமதமாகியது என்று பொறுப்பான நிறுவனமாகிய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. நாடே கடனைச் செலுத்த முடியாமல் நின்ற காலம் அது. நிதி இல்லை என்பதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தாக்குதல் நடந்த பின்னர், இணைப்பில் இல்லாத மாற்றுப்பிரதியை நாள்தோறும் எடுக்கும் முறை ஆரம்பிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய மென்பொருளை வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய காரியம். பெரியதைச் செய்ய முடியாமற் போனமை வறுமை. சிறியதைச் செய்யாமல் விட்டமைக்கும் வறுமையையே சாட்டாகச் சொல்லலாமா? இழந்த கடிதங்கள் அலுவலகத்தின் கடிதங்கள் மட்டுமல்ல. மாதக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருந்த யாரோ ஒரு குடிமகனின் கடிதமும் அவற்றுள் இருந்திருக்கும்.

புதியது வாங்கினால் போதுமா?

'சரி, புதியதை வாங்கிவிட்டேன்; என் கடமை முடிந்தது' என்று சொல்வோருக்கும் ஒரு பாடம் உண்டு. 2017 மே 12ஆம் திகதி 'வனாக்ரை' எனும் கப்பக் கிருமி உலகெங்கும் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 வைத்தியசாலை நிர்வாகங்களுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளர்களின் ஆயிரக்கணக்கான முன்பதிவுகள் நிறுத்தப்பட்டன. அம்புலன்ஸ் வண்டிகள் வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பப்பட்டன.

2014இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பீயே இதற்குக் காரணம் என்று அன்று பலர் பேசினர். பின்னர் ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. அச்சேவையில் பாதிக்கப்பட்ட கணனிகளுட் பெரும்பாலானவை அன்று ஆதரவு இருந்த விண்டோஸ் 7இல் ஓடியவை. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வருடம் மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்திருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்த பூட்டை எவரும் எடுத்துப் பூட்டவில்லை.

ஆகவே புதுமை தன்னளவில் ஒரு புண்ணியமல்ல. பழமை தன்னளவில் ஒரு பாவமுமல்ல. விழிப்பாயிருப்பதும் கவனயீனமாயிருப்பதுமே நன்மை தீமையின் எல்லை.

அறியாமையும் அறிய மறுத்தலும்

புனித தோமஸ் அக்குவினாஸ் கவனயீனத்தை விவேகத்துக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக வைத்து ஆராய்கிறார். அறியாமையையும் அவர் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அறிய வழியே இல்லாதவனின் அறியாமை வேறு. அறிய வேண்டிய கடமை இருந்தும் அறிந்துகொள்ளாதவனின் அறியாமை வேறு. முன்னையது அவனை மன்னிக்கும். பின்னையது அவனையே குற்றம் சாட்டும்.

இதை நமது விடயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டிலே பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்க மட்டும் கணனியைத் திறக்கும் பாட்டிக்கு, ஆதரவு முடிந்த திகதி தெரியாமல் இருப்பது இயல்பு. மடவளைக் கடைக்காரர் ஊரார் பத்திரங்களைக் கையாள்பவர். அவர் கேட்டறிய வேண்டும். பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், வைத்திய நிலையம், பங்கு அலுவலகம் ஆகியவற்றை நடத்துவோருக்கோ சாட்டுச் சொல்ல இடமே இல்லை. இத்தகைய முடிவுத் திகதிகள் இரகசியமாக வைக்கப்படுபவை அல்ல. வருடக்கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் கணனியில் ஏற்றப்பட்டிருந்தால், அவை பங்குத்தந்தையின் சொத்தல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சரித்திரம். எவர் கையில் பிறர் பொருள் அதிகமோ, அவருக்கே அறியும் கடமையும் அதிகம்.

நம் நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விபரங்களைச் சேகரிப்போர் அவற்றைக் காக்கவும் கடமைப்பட்டவர் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டுள்ளது.

தயாரித்தவருக்குக் கடமை இல்லையா?

பாரத்தை முழுவதும் பாவனையாளர் தலையிலே ஏற்றிவிட்டு நாம் போய்விட முடியாது. விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. எந்த மென்பொருளையும் என்றென்றைக்கும் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயம். விண்டோஸ் 10 வெளியான 2015 ஜூலையிலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆதரவு அளிக்கப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் நன்றாக ஓடும் கணனிகளை வைத்திருப்போர் புதிய முறைமைக்கு வர வழியில்லாதவாறு கதவை அடைத்தால், அச்செலவு யார் தலையில் விழுகிறது? வாங்க வசதியுள்ளவன் தலையிலா, இல்லாதவன் தலையிலா?

தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்புத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு 30 டொலர் கட்டணம் அல்லது வேறு சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் வாதாடியதன் பின்னர் அங்குள்ளோருக்கு அந்நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நம்மைப் போன்ற நாடுகளின் சார்பில் கேட்டவர் யார்? ஏழை நாடுகளின் நுகர்வோரும் ஒன்றுசேர்ந்து கேட்கப் பழக வேண்டும். அதுவும் நீதியின் ஒரு பகுதியே.

எனினும் பிறர் தம் கடமையைச் செய்யாமை நம் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. நகரசபை கால்வாயைச் சுத்தம் செய்யவில்லை என்பதற்காக, நம் வளவுச் சிரட்டையில் நீர் தேங்க விடலாமா?

இயன்றவை எவை?

இயலாததை எந்த அறநெறியும் கேட்பதில்லை, இயன்றதையே கேட்கிறது. பெரும் பணமில்லாமல் செய்யக் கூடியவை சில உள்ளன.

முதலாவது, வேண்டாததை வைத்திருக்காதிருத்தல். வாடிக்கையாளரின் கடவுச்சீட்டைப் பிரதி எடுத்து முடிந்ததும் அன்றே அழித்துவிடலாம். கையில் இல்லாததை எவனும் களவாட முடியாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது, பிரித்து வைத்தல். பாமினியும் பேஜ்மேக்கரும் உள்ள பழைய கணனி இணையத்தோடு தொடர்பில்லாமலே அழைப்பிதழ் அச்சிடும். இணையத் தொடர்பை எடுத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். 'பென் டிரைவ்' வழியாகவும் கிருமி வரக்கூடும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

மூன்றாவது, மாற்றுப்பிரதி. முக்கியமானவற்றை வேறொரு வன்தட்டில் பதிந்து, கணனியிலிருந்து கழற்றி, வேறிடத்தில் வைத்தல். கொழும்பில் இழந்த நூறு நாட்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இதுவே.

நான்காவது, லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடக்கிவைத்து, உலகெங்குமுள்ளோர் கூடி வளர்த்த இந்த முறைமை இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத பல கணனிகளில் அது பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடும். தமிழிலும் வேலை செய்யும். பேஜ்மேக்கர் அதில் நேரடியாக ஓடாது. பழகவும் சில வாரங்கள் எடுக்கும். ஆனால் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் இணையத்தைப் பார்க்கவும் அது போதும். கணனி படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்களே! ஒரு சனிக்கிழமை அவர்கள் ஊர்க் கடைக்கோ பாடசாலைக்கோ சென்று இதைச் செய்து கொடுத்தால், அது தானத்தில் சிறந்த தானமாகும். அந்தக் கடைக்காரர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டியதில்லை. நம் பத்திரங்களும் அவரிடந்தானே இருக்கின்றன.

ஐந்தாவது, உண்மை சொல்லுதல். இவற்றில் எதுவும் இயலாதபோது, பொருளைத் தந்தவரிடம் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். 'என் கணனி பழையது. இதை இங்கே வைத்திருப்பது பாதுகாப்பல்ல' என்ற ஒரு வார்த்தை போதும். ஆபத்தை அறிந்து ஏற்பவர் வேறு. அறியாமல் ஏற்றப்பட்டவர் வேறு.

ஆகவே, அன்பு வாசகர்களே, பழைய கணனியை வைத்திருக்கலாமா என்று கேட்பவருக்கு, 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. அதனுள் யாருடைய பொருள் இருக்கிறது, அதைக் காக்க இயன்றதைச் செய்தீரா, அவருக்குச் சொன்னீரா என்ற மூன்று கேள்விகளையும் அவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இம்மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லக் கூடியவர், பத்து வருடப் பழைய கணனியின் முன்னும் நிம்மதியாக அமரலாம். சொல்ல முடியாதவருக்கு நேற்று வாங்கிய கணனியும் அந்த நிம்மதியைத் தராது.

இன்றிரவு வீட்டிலோ நாளை அலுவலகத்திலோ கணனியைத் திறக்கும்போது, அதில் கிடக்கும் பிறர் பத்திரங்களில் ஒன்றையாவது தேடிப் பார்ப்போம். தேவையில்லையேல் அழிப்போம், தேவையெனில் காப்போம்.